மாப்பிள்ளை இடத்தில் பூந்தொட்டி

அன்புள்ள நண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், அதாவது என் ரத்த அழுத்தமும் அவளுடைய குரலும் வழக்கமான உயரத்திலேயே இருக்கின்றன, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. அங்கே உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் இரண்டு பேரும் இரண்டு வருஷமாக என்ன பேசியிருக்கிறோம் என்று யோசித்துப் பார். அங்கே மழையா, இங்கே வெயில், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், இந்தா அம்மாவிடம் தருகிறேன். வானிலை அறிக்கை வாசிக்கிறவர்கள்கூட நம்மைவிடக் கொஞ்சம் பாசத்தோடு பேசுவார்கள். கடிதத்தில் ஒரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது, நானும் நடுவில் போனை அம்மா கையில் திணித்துவிட்டு ஓட முடியாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வா.

விஷயம் நம் வீட்டுச் சாப்பாட்டு அறைச் சுவர். பாத்திர அலமாரி நிற்குமே, பின்பலகையில் ஓட்டை போட்டு, தட்டுகளுக்கு நடுவே கையை விட்டு விளக்குப் போடுவோமே, அந்தச் சுவர். அதை நீ பார்த்ததே இல்லை, நீ பிறப்பதற்கு முன்பே அலமாரி அதை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம் உன் அம்மா ஒரு தட்டை எடுத்தாள், அலமாரியும் கூடவே வந்தது. நல்ல வேளை, அவள் ஒதுங்கிவிட்டாள், பதினோரு தட்டுகள் மட்டும் போயின. பார்த்தால் உள்ளே மரமே இல்லை, கரையான் எல்லாவற்றையும் தின்றுவிட்டு பெயிண்டை மட்டும் மரியாதைக்காக விட்டுவைத்திருந்தது. உனக்கும் சொல்கிறேன், உன் வீட்டு அலமாரிகளுக்குப் பின்னால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது டார்ச் அடித்துப் பார். சரி, குப்பையை அள்ளி வெளியே போட்ட பிறகு சுவர் வெளியே வந்தது. இடது கோடியில் ஒன்பது அடி உயரம், வலது கோடியில் வெறும் நாலு அடி, ஏனென்றால் மாடிப்படி அதன் தலைக்கு மேலே ஏறுகிறது. நடுவில் முன்பு யாரோ கதவு வைத்திருந்து பிறகு செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், அந்த இடம் மட்டும் விருந்து சாப்பிட்டவன் வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த வயிற்றுக்குத் தொப்புள் வைத்தது போல சுவிட்சுப் பலகை. நான் நாலு தடவை டேப் பிடித்து அளந்தேன், நாலு தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது. முப்பத்து நாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்து, ஊரில் உள்ள கடைக்காரர்களின் தராசை எல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தவன் நான். கடைசியில் என் வீட்டுச் சுவர் எனக்கே கள்ள அளவு காட்டியது.

அப்படியே வெள்ளை அடித்துவிடலாம் என்றேன். உன் அம்மா கேட்கவில்லை. பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதிரே வெள்ளைச் சுவரைப் பார்த்தாலே யாரோ வாயைத் திறக்கப் போகிறார்கள் என்று தோன்றுகிறதாம். அந்தச் சமயத்தில் இன்சூரன்ஸ் மாமா வந்தான். உன் அம்மாவின் தம்பிக்கு வாய் இருக்கிற அளவுக்கு வேறு எதுவும் இல்லை என்பது உனக்கே தெரியும். பெரிய கண்ணாடி மாட்டுங்க அத்தான், அறை ரெண்டு மடங்கா தெரியும் என்றான். மாட்டினோம். அறை இரண்டு மடங்காகத் தெரிந்தது, கழுவ வேண்டிய பாத்திரமும் இரண்டு மடங்காகத் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, நான் மெல்லுவதை நானே பார்க்க நேர்ந்தது. இத்தனை வருஷம் உன் அம்மா எப்படி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று அவள்மேல் எனக்குப் புது மரியாதையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அருவிப் படம் போட்ட சுவர்க் காகிதம் வாங்கி ஒட்டினோம். சுவரின் மேல்விளிம்பு சரிந்து இறங்குகிறது அல்லவா, படியின் சரிவுக்குச் சரியாக ஒட்டியதில் அருவி பக்கவாட்டில் பாய்ந்தது. போதாக்குறைக்கு, சாப்பிட உட்காருகிறவர்கள் எல்லோரும் பாதியில் எழுந்து கழிவறைக்குப் போக ஆரம்பித்தார்கள். என் அக்கா, உன் கமிஷனர் அத்தை, ஒரே சாப்பாட்டில் இரண்டு தடவை போய்விட்டு வந்து, இந்தப் படம் இருக்கற வரைக்கும் நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னாள். அது நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது, உன் அம்மாதான் அன்று மாலையே காகிதத்தைக் கிழித்துவிட்டாள்.

கிழித்து முடித்துவிட்டு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள், ஏங்க, பன்னெண்டு பேரு உக்கார்ற மேசைல ரெண்டு பேரு உக்காந்து சாப்பிடறோம், சுவர்லயாவது நாலு மனுஷங்க இருக்கட்டுமே என்றாள். குடும்பத்தில் எல்லோரும் வரிசையாக ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி சுவர் முழுக்க வரைய வேண்டுமாம். நம் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால், சுவரில் இருப்பவர்கள் நம் எதிரே உட்கார்ந்த மாதிரி இருக்குமாம். இருக்கிறவர்களோடு சாப்பிடுவதே எனக்குப் பெரும்பாடு, இதில் படத்தில் வேறு வேண்டுமா என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை, பெயிண்டர்தான் வந்தாள். ஆமாம், வந்தாள். நாற்பது வயது இருக்கும், லாரிகளின் பின்பக்கமும் கடை போர்டுகளும் எழுதுகிற பெண். உன் அம்மாவின் ஆஸ்பத்திரி போர்டில் சிரிக்கிற கடைவாய்ப்பல் ஒன்று இருக்கிறதே, அது அவள் கைவேலை. வந்ததும் சுவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். சார், எழுத்து நல்லா வரும், கிளி நல்லா வரும், மனுஷங்கள போட்டு எனக்கு அவ்வளவா பழக்கமில்ல. நம் குடும்பத்துக்கு அது ஒரு தடையே இல்லை என்று நான் சொன்னேன்.

சாக்பீஸால் முதலில் மேசையைப் போட்டாள், பிறகு ஆட்களைப் போட்டாள். உயரமான இடது பக்கத்தில் கமிஷனர் அத்தை, பக்கத்தில் மாமா, பிறகு அம்மா, நடுவில் நான். நான் வந்த இடத்தில்தான் அந்த வயிறும் சுவிட்சுப் பலகையும். சார் மூஞ்சி சரியா இங்கதான் வருது, சுவிட்ச நகத்தணுமே அக்கா என்று பெயிண்டர் கேட்டாள். உன் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை. எதுக்கு, மூஞ்சியிலேயே இருக்கட்டும், இத்தன வருஷத்துல அந்த மூஞ்சியில எதுவும் பளிச்சுனு எரிஞ்சதில்ல, இனிமேலாவது எரியட்டும் என்றாள். இப்போது நம் வீட்டில் என் வலது மூக்கைத் தட்டினால் விளக்கு, இடது மூக்கைத் தட்டினால் விசிறி. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் இரண்டு தடவை தட்டினார், அரசாங்க ஊழியர், ஒன்றும் சொல்ல முடியவில்லை.

அத்தை தன்னைப் பார்க்க வந்த நாள் தனிக் கதை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவருக்கு நேரே நின்று, நான் எப்ப இப்படி சிரிச்சேன் என்று கேட்டாள். பெயிண்டர் கொஞ்சமும் அசராமல், சிரிக்கலம்மா, எனக்கு வாய்னா இந்த ஒரு வாய்தான் வரும் என்றாள். அப்போதுதான் நான் கவனித்தேன், அத்தை, மாமா, அம்மா, நான், எல்லோருக்கும் அந்தக் கடைவாய்ப்பல்லின் சிரிப்பு. உன் அம்மாவுக்கு முகம் மறந்தாலும் பல் மறக்காது, அதனால் உள்ளே இருக்கிற பற்களையாவது திருத்துகிறேன் என்று பக்கத்தில் நின்று, இவருக்கு இங்க ஒரு இடைவெளி, அண்ணிக்கு இது கட்டின பல்லு, கொஞ்சம் வெள்ளையா போடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை அதற்கும் ஒரு முறை கத்திவிட்டு, அந்தக் கத்தலிலேயே பசி எடுத்து, இங்கேயே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

இனிமேல்தான் நான் எழுத வந்தது. என் முகத்துக்கு அந்தப் பக்கம் உன்னைப் போட்டாள். நன்றாகவே வந்திருக்கிறாய், காது மட்டும் கொஞ்சம் கிளிக்கு இருப்பது போல, அதாவது இல்லை. உனக்கு அப்பால் ஒரு நாற்காலியைச் சாக்பீஸில் கோடு போட்டு வைத்திருந்தாள் உன் அம்மா. பெயிண்டருக்கு நம் கதை ஒன்றும் தெரியாது. சாதாரணமாகத் திரும்பி, இந்த நாற்காலில யாரு சார் என்று கேட்டாள். அறையில் அத்தை இருந்தாள், மாமா இருந்தான், அம்மா இருந்தாள். அம்மா என்னையே பார்த்தாள். நான் சுவிட்சுப் பலகையைப் பார்த்தேன். கடைசியில் அத்தைதான், அங்க ஒரு பூந்தொட்டி போட்டுடும்மா, பார்க்க லட்சணமா இருக்கும் என்றாள். பெயிண்டர் மறுபடியும் என்னைப் பார்த்தாள். நான் சரி என்றேன், நண்டு. பூந்தொட்டி போடு என்று என் வாயால் சொன்னேன். உன் அம்மா டீக்கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள், அதில் இரண்டு கோப்பையில் இன்னும் டீ இருந்தது.

தொட்டியும் வந்தது. சிவப்புத் தொட்டி, நாற்காலிமேல் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே பெயர் தெரியாத ஏதோ ஒரு செடி, அதற்கு மேசையில் ஒரு தட்டும் தம்ளரும் வேறு. பூந்தொட்டி உக்காந்து சாப்பிடுமா சார் என்று பெயிண்டர் ஒரு தடவை கேட்டாள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். நான் மறந்துவிடலாம் என்று பார்த்தால் மாமா விடுவானா. அடுத்த நாளே வாசலில் இருந்து, என்ன மாப்பிள்ளை, தண்ணி ஊத்தினாங்களா என்று தொட்டியிடம் விசாரித்துக்கொண்டே வந்தான். அத்தை சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பத்து நாளில் வீட்டில் எல்லோருக்கும் அது மாப்பிள்ளைத் தொட்டி ஆகிவிட்டது, உன் அம்மாவைத் தவிர. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். எதிரே ஐந்து பேரும் ஒரு தொட்டியும் உட்கார்ந்திருக்கிற சுவர், அவள் பார்ப்பது தட்டை மட்டும்.

போன மாதம் மூன்றாம் ஞாயிறு மாமா தன் ஆபீசில் இருந்து இரண்டு பேரைச் சுவரைக் காட்ட அழைத்து வந்தான், ஒரு கிளை மேலாளர், ஒரு காசாளர் அம்மா. சாப்பிட உட்கார்ந்தோம். காசாளர் அம்மா மரியாதையாக ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து, இது உங்க பொண்ணா, அழகா இருக்கா, பக்கத்துல ஏன் தொட்டி என்றார். மாமாவுக்கு அது போதாதா. அதுதாங்க எங்க மாப்பிள்ளை, எங்க பொண்ணு தொட்டியத்தான் கட்டிக்கிட்டா, அதுவும் புதுத் தொட்டி இல்ல, ஏற்கெனவே ஒரு செடி வச்ச தொட்டி என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குச் சத்தமாகவே சிரிப்பு வந்தது, வாயில் தண்ணீர் வேறு இருந்தது. அது இறங்குவதற்குள் உன் அம்மா கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். சமையலறையில் குழாய் முழுவதும் திறக்கிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, பாத்திரம் எல்லாம் மேசைமேல்தான் இருந்தது.

செடி என்று அவன் சொன்னது யாரை என்று அப்போதுதான் உறைத்தது. ஏழு வயதுப் பெண்ணை. அவளை நான் பார்த்தது கிடையாது. ஆனால் அவளைப் பற்றி இதைவிடக் கேவலமாகப் பேசியவன் நான்தான். முதல் மனைவி விட்டுப்போன ஒருவரை, கையில் குழந்தையோடு இருப்பவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, அடுத்தவன் பிள்ளைக்கு டிபன் கட்டறதுக்கா உன்னப் படிக்க வச்சேன் என்று கேட்டேன். ஏதாவது திட்டியிருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம், நீ போனை வைத்துவிட்டாய். பிறகு பதிவு அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டாய், டிக்கெட்டும் அனுப்பினாய், நான் மூட்டு வலி என்றேன். மூட்டுக்கு ஒன்றும் இல்லை, நண்டு. நீ கையெழுத்துப் போட்ட அதே நேரத்தில் நான் இங்கே பூங்காவை ஆறு சுற்றுச் சுற்றினேன். வீட்டில் இருந்தால் உன் அம்மா முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் ஏழாவது சுற்றும் போனேன்.

இதெல்லாம் ஒரு வாய்ச் சோறு இறங்குவதற்குள் மனதில் ஓடியது. மாமாவைப் பார்த்து, டேய், அவருக்குப் பேர் இருக்கு என்றேன். என் குரலே எனக்கு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. மாமா விளையாட்டாக, என்ன பேரு அத்தான், சொல்லுங்க பார்ப்போம் என்றான். நான் உன் கணவர் பெயரைச் சொன்னேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. உடனே சமையலறையில் குழாய் நின்றது. அப்படி இல்ல, நடு எழுத்த அழுத்தக் கூடாது என்று உள்ளே இருந்து குரல் வந்தது. திருத்திச் சொன்னேன். இப்ப கடைசி எழுத்து தப்பு என்று குரல். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை ஒன்றும் வரவில்லை, சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டேன். காசாளர் அம்மாவும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், மேலாளர் சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை. இனிமே தொட்டினு எவனாவது சொன்னா இந்த மேசைல சோறு கிடையாது என்று மாமாவிடம் சொன்னேன். அவன் என்ன நினைத்தானோ, நாலு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அவன் பிறந்த நாளில் இருந்து அதுதான் சாதனை என்று உன் அம்மா பிறகு சொன்னாள்.

அவர்கள் போன பிறகு சமையலறைக்குப் போய், உனக்கு எப்படி அந்தப் பேரச் சொல்லத் தெரியும் என்று கேட்டேன். வாரத்துக்கு ரெண்டு நாள் பேசறேன், தெரியாதா என்றாள். எப்போது என்றேன். நீங்க நடக்கப் போறப்ப என்றாள். நீயும் உன் அம்மாவும் உன் கணவரும் சேர்ந்து என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறீர்கள், அளவுத் துறைக்காரனின் வீட்டுக்குள்ளேயே இத்தனை பெரிய கள்ளக் கணக்கு. அப்படி என்ன பேசுவீங்க என்றால், பல்லு என்கிறாள். உங்கள் வீட்டுக் குட்டிக்கு முன்பல் ஆடி, யாரையும் தொட விடாமல் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததாம், அம்மாதான் திரையில் பார்த்துக்கொண்டே, நாக்கால தள்ளு, இன்னும் தள்ளு என்று சொல்லிச் சொல்லி விழ வைத்தாளாம். விழுந்ததும் அந்தப் பெண் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, உங்க வீட்ல எப்பவும் நடக்கப் போற ஒருத்தர் இருக்காரே, அவருக்குப் பல்லு இருக்கா என்று கேட்டதாம். நீ என்ன சொன்ன என்று கேட்டேன். இருக்கு, காட்ட மாட்டார்னு சொன்னேன் என்றாள் உன் அம்மா. அன்று நான் நடக்கப் போகவில்லை. பின்வாசல் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், உன் அம்மா ஒரு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, மூட்டு வலியா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறாள்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஒரு பழைய பனியனை எடுத்து, டர்பன்டைனில் நனைத்து, தொட்டியை நானே அழிக்கத் தொடங்கினேன். அழிக்கிறது என்றால் பென்சில் கோட்டை அழிக்கிற மாதிரி என்று நினைத்துவிட்டேன். தொட்டி அழியவில்லை, பரவியது. முதலில் நாற்காலி சிவப்பானது, பிறகு செடி இறங்கி உன் தோளில் ஏறியது, அதைத் துடைக்கப் போனால் உன் ஒரு கை முழங்கை வரை பச்சை. பத்து நிமிஷத்தில் நீ பாதி மனுஷியும் பாதி வாழைத்தோட்டமுமாக ஆகிவிட்டாய். பயந்துபோய் பெயிண்டருக்குப் போன் செய்தேன். ஏதோ லாரியில் பாதி எழுத்தை விட்டுவிட்டு வந்தாள். சுவரைப் பார்த்தாள், என் கையில் இருந்த பனியனைப் பார்த்தாள், யாரக் கேட்டு சார் கைய வச்சீங்க, நான் உங்க தராசுல வந்து கை வச்சேனா என்று ஒரு பிடி பிடித்தாள். ஓய்வு பெற்ற பிறகு என்னை இப்படி யாரும் திட்டியது இல்லை, நியாயமான திட்டு, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். ஒரு வழியாக மூச்சு வாங்கிவிட்டு, சரி, தொட்டி வேணாம்னா அங்க என்ன வரணும், எத்தன பேரு என்று கேட்டாள். ரெண்டு பேரு என்றேன். ஒரு பெரிய நாற்காலி, ஒரு சின்ன நாற்காலி. சொன்ன பிறகு எதிரே இருந்த நிஜ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் அம்மா வந்து உன் பச்சைக் கையையும் வெறும் இடத்தையும் பார்த்தாள், சாக்பீஸில் போட்டிருந்த இரண்டு நாற்காலியையும் பார்த்தாள். சுவரில் இருந்த என் இடது மூக்கைத் தட்டி விசிறி போட்டுவிட்டு, வேர்க்குது பாருங்க உங்களுக்கு என்று மட்டும் சொன்னாள்.

அத்தைக்கு இன்னும் கோபம்தான், என்னைக் கேக்காம தொட்டிய அழிச்சியா என்று போனில் கத்தினாள், கத்தட்டும், மருத்துவர் அவளுக்கு ஏதாவது உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். மாமா வந்தால் இப்போது வாசலிலேயே செருப்போடு சேர்த்து கேலியையும் கழற்றிவிட்டு வருகிறான், கொஞ்ச நாளில் திரும்பிவிடுவான், அதற்குள் படம் முடிந்துவிட வேண்டும். அதனால் நீ உடனே செய்ய வேண்டிய வேலை இது. மாப்பிள்ளையின் படம் ஒன்று அனுப்பு, நேராகப் பார்க்கிற மாதிரி, கறுப்புக் கண்ணாடி இல்லாமல், ஹெல்மெட் இல்லாமல். குட்டியின் படமும் வேண்டும், ஆனால் அவளுக்குப் படம் மட்டும் போதாது, உயரம் வேண்டும். அவள் இருக்கப் போகிற மூலையில் சுவர் சரியாக நாலு அடி, அவள் நின்றால் தலை இடிக்குமா, உட்கார வைக்க வேண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதாதே. செருப்பு இல்லாமல் சுவரோடு நிற்க வைத்து, தலைமேல் ஒரு கனமான புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, குதிகால் தூக்காமல் பார்த்துக்கொண்டு, தரையில் இருந்து டேப் பிடித்து அள. இரண்டு தடவை அள. அவள் எம்புவாள், ஏழு வயதில் நீ எம்பினாய், விடாதே.

உன் கணவருக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும், இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், அன்புள்ள என்பதற்கு மேல் நகரவில்லை, கொஞ்சம் நாள் கொடு. டிபன் விஷயமாக நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய், மறக்கவும் சொல்ல மாட்டேன், தப்புத்தான். உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசி, ஆரோக்கியமாக, நிறைவாக, சண்டை போட்டாலும் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களாக இருங்கள். லீவு கிடைக்கும்போது வாருங்கள், மூன்று பேரும். தட்டுகள் புதிதாக வாங்கிவிட்டோம்.

படம் கிடைத்ததும் பெயிண்டர் முடித்துவிடுவாளாம், முடித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் கீழே எழுத்து எழுத வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள், மனுஷங்கள அக்காவுக்காகப் போட்டேன், எழுத்துதான் சார் என் தொழில் என்கிறாள். நீ கூப்பிடுகிற முறையிலேயே எழுதட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். அத்தை, மாமா, அம்மா எல்லாம் எழுதியாகிவிட்டது, சிவப்பில் மஞ்சள் கரை போட்டு, கடை போர்டு மாதிரியே இருக்கிறது. எனக்குக் கீழே அப்பா என்று எழுதியிருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் இன்னும் மூன்று எழுத்துக்கு இடம் விடச் சொல்லியிருக்கிறேன், அளந்துதான் விட்டிருக்கிறாள். குட்டியிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. அவளாக என்னை எப்போது கூப்பிடுகிறாளோ அப்போது எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா